துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டலாமா?

கேள்வி: கடந்த ஆகஸ்டில் என் கணவர் மாரடைப்பால் காலமானார். பாளையங்கோட்டையில் மாமியாருடனும் பத்து வயது மகளுடனும் இருக்கிறேன். டிசம்பர் பிறந்ததிலிருந்து மகள் நட்சத்திரம் கட்டலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். “இந்த வருஷம் நம் வீட்டில் பண்டிகை இல்லை” என்று மாமியார் சொல்லிவிட்டார். கேரல் குழுவை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கிறிஸ்துமஸ் அன்று கோவிலுக்குப் போகவே பயமாக இருக்கிறது. போன வாரம் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. சந்தோஷப்படுவது அவருக்குச் செய்யும் துரோகமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நட்சத்திரம், கேரல், கோவில் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடித்த அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. துக்கத்தில் இருப்பவர்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிவருகிறேன். அவர்களில் பெரும்பாலானோர் என்னிடம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டது தாங்கள் அழுததை அல்ல, சிரித்துவிட்டதைத்தான்.

என் கணவர் இறந்தது ஒரு நவம்பரில். ஐந்து வாரத்தில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. பலகாரம் எதுவும் செய்வதில்லை என்றுதான் இருந்தோம். ஆனால் என் அக்கா ஊறவைத்த அரிசியோடு வந்து இறங்கி, இடித்து, சலித்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் எள்ளும் சேர்த்து அச்சுமுறுக்குக்கு மாவு கரைத்துவிட்டாள். அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்கி, மறுபடி எண்ணெயில் வைத்து உதற வேண்டும். முழுவதும் முக்கிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. எப்போதும் உதறுகிற வேலை என் கணவருடையது. முதல் முறுக்கு எந்த வருஷமும் ஒட்டிக்கொள்ளும். உடனே அவர், “முதல் முறுக்கு அச்சுக்கு, அடுத்ததுதான் நமக்கு” என்பார். அந்த வருஷமும் ஒட்டியது. கரண்டிக் காம்பால் நான் சுரண்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்றிருந்த என் மகன் அதே வார்த்தைகளை அப்பாவின் குரலிலேயே சொன்னான். மூன்று பேரும் சிரித்தோம். என் அக்காவுக்குச் சிரிப்பு அழுகையாக மாறியது எப்போது என்று அவளுக்கே தெரியாது. அன்று இரவு நானும் உங்களைப் போல் விழித்துக் கிடந்தேன். அந்தச் சிரிப்பில்தான் அவர் எங்களோடு மிக அருகில் இருந்தார் என்பது புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின.

இது என் அனுபவம் மட்டும் அன்று. டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள், துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதமான ஆண்களையும் பெண்களையும் சந்தித்து, இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி, அவர்கள் முகங்களைக் கூர்ந்து ஆராய்ந்து 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறந்த துணையைப் பற்றிப் பேசும்போதே, கண்ணோரம் சுருங்க உண்மையாகச் சிரித்தவர்களுக்கு மன வேதனை குறைவாக இருந்ததையும், மற்றவர்களோடு அவர்களுடைய உறவு நன்றாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள். சிரித்தவர்கள் துணையை மறந்துவிட்டவர்கள் அல்லர். அவரைப் பற்றிப் பேசியபோதுதான் அந்தச் சிரிப்பே வந்தது.

அதன் பின் 1999-இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் ஆகிய இருவரும் துக்கத்தைப் பற்றி முன்வைத்த கருத்து, நான் அறிந்தவற்றில் நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்தி வருவது. மனிதர் இழப்பையே நினைத்து அழுதுகொண்டும் இருப்பதில்லை, எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வாழ்க்கையை மட்டும் பார்த்துக்கொண்டும் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் போலப் போய்வந்துகொண்டே இருக்கிறார், அப்படிப் போய்வருவதே துக்கத்தைத் தாங்கும் வழி என்றார்கள். காலையில் கரண்டு பில் கட்டுகிறீர்கள், மதியம் அவர் சட்டையை மடிக்கும்போது உடைந்துபோகிறீர்கள், மாலையில் மகள் சொன்னதற்குச் சிரிக்கிறீர்கள். இது மனம் செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருப்பதற்கான அடையாளம். துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அந்த ஐந்தையும் எழுதியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்துத்தான்.

இனி உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் மீது வருத்தம் வேண்டாம். நீங்கள் கணவரை இழந்தீர்கள். அவர் பெற்ற மகனைப் புதைத்திருக்கிறார். இறப்பு நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை என்பது சபைச் சட்டம் அன்று, எந்த ஜெப புத்தகத்திலும் அது இல்லை. தீபாவளியையும் பொங்கலையும் துக்க வருஷத்தில் விட்டுவிடும் தமிழ் வீடுகளின் வழக்கம் அது. கிறிஸ்தவர்களான பின்பும் நம் குடும்பங்கள் அதைக் கைவிடவில்லை. சில போதகர்கள் இதை மூடப்பழக்கம் என்று பிரசங்கத்தில் கண்டிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. “எங்களால் இந்த வருஷம் முடியவில்லை” என்று வாய்திறந்து சொல்லாமலேயே ஊருக்குச் சொல்லிவிட அந்த வழக்கம் உதவுகிறது. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள் என்பதால்தான் உறவினரும் அண்டை வீட்டாரும் தட்டு தட்டாகப் பலகாரம் கொண்டு வருகிறார்கள். கொண்டாட முடியாதவரைக் கொண்டாடச் சொல்லி வற்புறுத்துவதைவிட அது எவ்வளவோ மேலான ஏற்பாடு. ஆனால் அந்த வழக்கம் பெரியவர்களுக்காக ஏற்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது சுமை.

பிள்ளைகள் நம்மைப் போல் தொடர்ச்சியாகத் துக்கப்படுவதில்லை. பத்து நிமிடம் அழுதுவிட்டுப் பதினோராவது நிமிடம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்கள். இரவில் படுக்கப்போகும்போது, யாரும் எதிர்பாராத நேரத்தில், அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். நட்சத்திரம் வேண்டும் என்று உங்கள் மகள் கேட்பதை அப்பாவை மறந்துவிட்டதாக எண்ணாதீர்கள். போன டிசம்பரில் இருந்த வீடு இன்னும் இருக்கிறதா என்று அவள் சோதித்துப் பார்க்கிறாள். மாமியாரிடம் நீங்கள் தனியாக உட்கார்ந்து, “அத்தை, நமக்குப் பண்டிகை வேண்டாம், சுற்று விளக்கு வேண்டாம், வெடி வேண்டாம். பிள்ளைக்காக ஒரே ஒரு நட்சத்திரம், அவர் நினைவாகக் கட்டுவோம்” என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளை நிறத்தில் வாங்குங்கள். நான் பார்த்தவரை, நினைவாக என்று சொன்ன பிறகு மறுத்த தாய் மிக அரிது.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பண்டிகையைக் கொண்டாடுகிறோம் என்கிறோம். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில், தகப்பன் யாக்கோபு இறந்தபோது யோசேப்பு ஏழு நாள் “துக்கங்கொண்டாடினான்” என்று இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல். உறவு கொண்டாடுதல், சொந்தம் கொண்டாடுதல் என்றும் சொல்கிறோம். ஒன்றை நம்முடையது என்று உரிமையோடு பற்றிக்கொள்வதுதான் கொண்டாடுதல். மகிழ்ச்சியையும் துக்கத்தையும் ஒரே வினைச்சொல்லால் பற்றிக்கொள்ளும் மொழியில் பிறந்த நாம், ஒன்றை எடுத்தால் மற்றதைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

கிறிஸ்து பிறப்பின் கதையிலும் அந்தச் சொல் வருகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஏரோது ராஜா பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொன்றபோது, “புலம்பலும் அழுகையும் மிகுந்த துக்கங்கொண்டாடலுமாகிய கூக்குரல்” கேட்டது என்று மத்தேயு எழுதுகிறார். ராகேல் ஆறுதலடையாதிருக்கிறாள் என்றும் அதே வசனம் சொல்கிறது. ஆறுதலடையாத ஒரு தாயை வேதம் திருத்தவில்லை, அவளுக்குப் புத்தி சொல்லவில்லை, அவளை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. அந்தக் குழந்தைகளின் நினைவு நாளைத் திருச்சபை டிசம்பர் 28-இல் வைத்தது. கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாளோ டிசம்பர் 26. தொழுவத்துக் குழந்தைக்குப் பாடிய பாட்டின் ஓசை அடங்குவதற்குள் இரண்டு மரண நினைவுகளை நம் முன்னோர் நாள்காட்டியில் எழுதிவைத்தார்கள். நாம்தான் பலகாரத் தட்டையும் புதுத்துணியையும் மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைக் கடந்து போகிறோம்.

லூக்கா சொல்லும் அன்னாளையும் நினைத்துப் பாருங்கள். ஏழு வருஷம் கணவனோடு வாழ்ந்தவள், பிறகு முதுமை வரை விதவையாகவே இருந்தவள். தேவாலயத்தில் கூடியிருந்த அத்தனை பேரில் அந்தக் குழந்தையை அடையாளம் கண்டுகொண்டவர்களில் அவளும் ஒருத்தி. அதே இடத்தில் சிமியோன் என்பவர், “உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும்” என்று குழந்தையின் தாயிடம் சொல்லிவிடுகிறார். விதவைகள் பண்டிகையில் முன்னே வரக்கூடாது என்று இன்னும் முணுமுணுக்கும் உறவுக்காரர்கள் யாராவது இருந்தால், முதல் கிறிஸ்துமஸின் சாட்சிகளில் ஒருத்தி விதவை என்பதை அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

“கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்ற வசனத்தை உங்களிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அது உங்களுக்கு வலித்திருக்கும். அதைப் பவுல் எழுதியது சிறையிலிருந்து; விலங்கிடப்பட்டவரின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை, வசதியாக நாற்காலியில் அமர்ந்திருப்பவர்கள் துக்கப்படுகிறவரை நோக்கி எறிவது சரியன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று திருச்சபை வாசிப்பதும் அந்த வசனத்தையே. நான்கு வாரமும் ஊதா உடுத்துகிற பீடத்தில் அன்று மட்டும் சில சபைகளில் இளஞ்சிவப்பு வருகிறது. வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுவர்த்திகளிலும் அன்று ஏற்றுவது இளஞ்சிவப்பு நிறத்ததே. நான்கு வாரக் காத்திருப்பில் மகிழ்ச்சிக்கு ஒரு ஞாயிறு. உங்களுக்கும் இந்த மாதத்தில் அந்த அளவு போதும். அதே பவுல்தான் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றார். துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. இறந்துபோன லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார்.

வேதாகமத்தில் எஸ்றாவின் புத்தகத்தில் ஓர் இடம் உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது நினைவுக்கு வந்தது. இடிந்த ஆலயத்துக்கு மறுபடி அஸ்திபாரம் போடுகிறார்கள். இளையவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் உரத்த குரலில் அழுகிறார்கள். எது அழுகைச் சத்தம், எது மகிழ்ச்சிச் சத்தம் என்று ஜனங்களால் பிரித்தறிய முடியவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. அழுதவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை. அந்த இரைச்சல் வெகுதூரம் கேட்டதாம்.

கன்னியாகுமரிக் கடலோரத்து ஊர்கள் இதை ஒவ்வோர் ஆண்டும் வாழ்ந்து காட்டுகின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் கட்டிய நட்சத்திரங்கள் இறங்கவில்லை, பலகாரம் தீரவில்லை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களுக்குள் கடல் புகுந்துவிட்டது. ஒரு குழியில் பலரை அடக்கம் செய்ய நேர்ந்தது. அந்த ஊர்களில் டிசம்பர் 25 அன்று குடில் வைக்கிறார்கள், நள்ளிரவுப் பூசைக்குப் போகிறார்கள். மறுநாள் மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு அந்தக் கல்லறைகளுக்குப் போகிறார்கள். மறுநாளின் அழுகைக்காக முதல் நாளின் பாட்டை அவர்கள் விட்டுவிடவில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். கேரல் குழுவை வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எப்படி வர வேண்டும் என்று சொல்லுங்கள். பல ஊர்களில் நான் பார்த்திருக்கிறேன்: துக்க வீட்டுத் தெருமுனையிலேயே டிரம்மை நிறுத்திவிடுவார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா வெளியிலேயே நின்றுகொள்வார், ஏழெட்டுப் பேர் மட்டும் உள்ளே வந்து ஒரு பாட்டை மெதுவாகப் பாடி, ஜெபித்துவிட்டுப் போவார்கள். குழுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். உங்கள் கணவருக்குப் பிடித்த பாட்டு எது என்றும் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் வரும் மௌனம் அந்தப் பாட்டைவிடக் கொடியது.

அதிகாலை ஆராதனைக்குப் போவதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அன்று நான்கு மணிக்கு எழுந்த பிறகு தீர்மானியுங்கள். போனால், குடும்பமாக எப்போதும் உட்காரும் இருக்கையைத் தவிர்த்து, பக்கவாசலுக்கு அருகில் உட்காருங்கள். பக்கத்தில் இருக்கும்படி ஒரே ஒருவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதிகம் பேசாதவராக அவர் இருக்கட்டும். பாட முடியாவிட்டால் நின்றுகொண்டிருந்தால் போதும், மற்றவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடுவார்கள். ஆசீர்வாதம் முடிந்து எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லும் அந்தப் பத்து நிமிடம்தான் மிகவும் கடினமானது. அதற்கு முன்பே வெளியேறிவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திருவிருந்து (நற்கருணை) இருந்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள். தேவதூதரோடும் பரலோகத்தின் கூட்டத்தார் அனைவரோடும் சேர்ந்து துதிக்கிறோம் என்று அந்த ஆராதனை முறையில் வருகிறது. இத்தனை ஆண்டுகளில் நான் அறிந்த பல விதவைகள் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வரி அது. நானும் அவர்களில் ஒருத்தி.

ஆராதனை முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். புதுத்துணியிலேயே போங்கள், அவள் அப்பாவிடம் அதைக் காட்ட விரும்புவாள். மதியம் மூன்று மணிக்கு மேல், சாப்பாடு முடிந்து உறவினர் கிளம்பிய பின், வீடு திடீரென்று பெரிதாகிவிடும். அந்த நேரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வரும் பலகாரத்தில் ஒரு தட்டு எடுத்து, இந்த வருஷம் துக்கம் நடந்த இன்னொரு வீட்டுக்கு மகளிடம் கொடுத்து அனுப்பலாம். நெகேமியாவின் காலத்தில் ஜனங்கள் பண்டிகை நாளில் அழுதபோது, “ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்” என்றார்கள். அவர்கள் அழுத காரணம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அழுகிறவர்களின் கையில் ஒரு தட்டைக் கொடுத்த அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

யாரும் உங்களிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கிறிஸ்துமஸைவிட டிசம்பர் 31 கடினமாக இருக்கலாம். பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும்போது, அவர் உயிரோடிருந்த வருஷம் முடிந்து, அவர் காணாத வருஷம் பிறக்கிறது. “போன வருஷம் இறந்தார்” என்று சொல்ல வேண்டியிருக்கும். கோவிலில் எல்லாரும் புது வருஷத்துக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுத்து உரக்க வாசிப்பார்கள். உங்களுக்கு வந்த அட்டையில் பெருக்கம், வெற்றி என்று ஏதாவது இருக்கும். நான் என் முதல் வருஷத்தில் அந்த அட்டையைப் படிக்காமல் பைக்குள் வைத்துவிட்டேன். ஏப்ரலில்தான் எடுத்துப் பார்த்தேன். அந்த நள்ளிரவு ஆராதனைக்குப் போகாமல் வீட்டிலேயே மூவரும் விளக்கேற்றி, அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் பத்து மணிக்கே தூங்கிவிட்டாலும் புது வருஷம் பிறக்கத்தான் செய்யும்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். நான்கு மாதத்தில் அழுகை வருவது நோயன்று. பெரியவர்களின் துக்கத்தைக் கோளாறாகக் கணிக்கக் குறைந்தது ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வரையறையே சொல்கிறது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, நானும் போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் வந்தாலோ, பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவிலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

நட்சத்திரத்தைப் பற்றி இன்னொன்று. அதை இதுவரை கட்டியவர் உங்கள் கணவராகத்தான் இருந்திருப்பார். உங்களுக்குக் கொழுந்தனார் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். அண்ணனை இழந்த பிறகு அவரும் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பது என்று தெரியாமல்தான் இருப்பார். ஏணியில் ஏறச் சொன்னால் ஏறிவிடுவார். மாமியார் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும், ஏணியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், ஸ்விட்சைப் போடுகிற வேலையை மகளுக்குக் கொடுங்கள். ஓராண்டு பரணில் கிடந்த வயர் என்றால், மேலே ஏற்றுவதற்கு முன் தரையிலேயே பல்பைப் போட்டு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.